ஆடியில் எண்ணெய் வண்ணம் வேண்டாம்: குமரியில் அரூப ஓவியம் தொடங்குகிறவர்களுக்கு

வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்கள்: "அண்ணே, நானும் அப்ஸ்ட்ராக்ட் வரையணும், எந்தக் கம்பெனி கலர் வாங்கணும்?" உருவம் எதையும் காட்டாமல் வண்ணத்தாலும் கோட்டாலும் மட்டும் வரையும் அரூப ஓவியத்தைத்தான் அப்ஸ்ட்ராக்ட் என்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தக் கலரை மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓட்டு வீட்டில் ஆடி மாதம் பிதுக்குவதும், ஆரல்வாய்மொழியில் மொட்டைமாடி அறையில் மாசி மாதம் பிதுக்குவதும் இரண்டு வேறு வேலைகள். அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "எங்கே உட்கார்ந்து, எந்த மாசம் வரையப் போறீங்க?" பாதிப் பேர் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. போர்டு எழுதிக்கொண்டிருந்தேன், கோயில் கொடை, சர்ச் திருவிழா, பலசரக்குக் கடை, கட்சிச் சுவர் என்று எது வந்தாலும். பிளக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. மிச்சமிருந்த எனாமலை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் (சரிவான கூரை இறக்கிய ஒதுக்கில்) எதையோ பூச ஆரம்பித்ததுதான் தொடக்கம். கீழே சொல்வதில் முக்கால்வாசி, கெடுத்துப் பார்த்துக் கற்றது.

முதல் வேலை: ஒரே இடம், பன்னிரண்டு அட்டை

தூரிகையை எடுக்கும் முன்னால் ஒரு இடத்தைப் பிடியுங்கள். அழகான இடம் வேண்டாம். கன்னியாகுமரி முனைக்கோ மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ போனால், ஏற்கெனவே காலண்டரில் பார்த்த படம்தான் உங்கள் கைக்கும் வரும், கண் அதைத் தாண்டிப் போகவே விடாது. வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய, மாதத்துக்கு மாதம் மாறுகிற ஒரு சாதாரண இடம் போதும்: குளத்தங்கரை, வயல் வரப்பு, ரப்பர் தோட்டத்து ஓரம், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயல், எதுவானாலும் சரி. எனக்கு வாய்த்தது தேரூர் குளத்தங்கரை.

மாதம் ஒரு தடவை, முடிந்தவரை ஒரே நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். இருபது நிமிடம். வரையக் கூடாது, போனை எடுக்கவும் கூடாது. போன் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்துவிடும். புழுக்கத்தில் வெள்ளையாக வெளிறிக் கிடக்கும் வானத்தை நீலமாக்கிக் காட்டும், இருட்டுப் பச்சையைப் பளிச்சென்று ஆக்கும். அப்புறம் உங்கள் நினைவில் நிற்பது நீங்கள் பார்த்ததா போன் பார்த்ததா என்று உங்களுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு நினைவிலிருந்து ஒரு அட்டை செய்யுங்கள். போஸ்ட் கார்டு அளவு போதும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே நல்ல கனமாக இருக்கும், நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். முன்பக்கத்தில் மூன்று அல்லது நாலு வண்ணத் திட்டுகள் மட்டும். உருவம் எதுவும் வேண்டாம். ஆனால் அளவு முக்கியம்: பார்த்ததில் முக்கால்வாசி சாம்பல் நிறம் என்றால் அட்டையிலும் முக்கால்வாசி சாம்பல். பின்பக்கத்தில் தமிழ் மாதம், நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு, இவ்வளவையும் எழுதி, கடைசியாக ஒரே ஒரு வினைச்சொல். அங்கே என்ன இருந்தது என்று எழுத வேண்டாம், என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். வற்றுகிறது, நிறைகிறது, சாய்கிறது, வெளிறுகிறது, இந்த மாதிரி. இந்த வினைச்சொல் பிறகு ரொம்ப உதவும்.

ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருக்கும். கரையில் மாடு பத்திக்கொண்டு போகும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "என்ன மக்ளே, தூண்டிலும் இல்ல, சும்மா குளத்தையே பாத்துட்டு இருக்கிய?" விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் ஏதாவது சொல்வார், எந்த மடை திறந்திருக்கிறது, மறுகால் எப்போது பாயும், தாமரை ஏன் இந்தத் தடவை பிந்திவிட்டது. அவர் சொன்ன பிறகுதான் தண்ணீரின் நிறம் நாளுக்கு நாள் மாறுவதற்கு மேகம் மட்டும் காரணமில்லை, மேலே எந்தப் பத்தில், அதாவது எந்த வயல் பரப்பில், உழவு நடக்கிறது என்பதும் காரணம் என்று தெரிந்தது. உழுத சேறு கலங்கி வந்தால் குளமே காவியாகிவிடும். கேட்க ஆள் கிடைத்தால் கேளுங்கள்.

நம்மூர்க் காலம் வேறு

பன்னிரண்டு அட்டை சேர்ந்ததும் தரையில் பரப்பிப் பாருங்கள். புத்தகத்தில் படித்த பருவங்கள் எதுவும் அதில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுது படித்திருப்போம். அந்தக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில், அதாவது கடும் வெயில். நம்மூரில் ஆனி, ஆடியில் வெளியே வந்து பாருங்கள். மலை முழுக்க மேகத்துக்குள் போயிருக்கும், சாரல் விட்டுவிட்டுத் தூவிக்கொண்டே இருக்கும், காயப்போட்ட சட்டை மூன்று நாளானாலும் வாடையடிக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும்போது நாம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் நனைகிறோம். அவர்களுக்கு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையிலும் நனைகிறோம். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. அந்த இரண்டு மழையும் ஒன்று போல இருக்காது. இடவப்பாதி மேற்கிலிருந்து சாம்பலாக, சீராக, நாள் கணக்கில் வரும். ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கருத்து, இடித்துக் கொட்டிவிட்டுப் போகும். அது வருவதற்கு அரை மணி முன்னால் ஒரு மஞ்சள் வெளிச்சம் விழும் பாருங்கள், அந்த மஞ்சளைக் கலந்து எடுக்க எனக்கு நாலு வருடம் ஆனது, இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

ஐரோப்பிய ஓவியர்கள் பருவம் பருவமாக வரைந்ததைப் பார்த்துவிட்டு அதேபோலச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்குப் பருவம் என்றால் பகலின் நீளமே மாறுவது. நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி நேரம்தான். இங்கே பருவத்தைக் காட்டுவது ஈரம், காற்று, தண்ணீர் மட்டம், வயல். வயலுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: ஆவணி, புரட்டாசி வாக்கில் அறுவடையாகும் கன்னிப்பூ, மாசி, பங்குனியில் அறுவடையாகும் கும்பப்பூ. அதனால் நாஞ்சில் நாட்டு வயலில் வைக்கோல் நிறம் வருடத்துக்கு இரண்டு முறை வரும். இரண்டும் ஒன்றல்ல. மாசி வைக்கோல் வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும், ஆவணி வைக்கோலில் ஈரத்தின் பழுப்பு இருக்கும்.

காற்றையும் கவனியுங்கள், படத்தில் கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். கடற்கரை ஊர்களில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. முட்டத்திலோ குளச்சலிலோ மீன்பிடிக்கிறவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் நாலு ஓவியப் புத்தகம் படித்த பலன் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்.

என் அட்டைகளில் ஒன்றில் வண்ணமே இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன, கடலுக்குப் போன பலர் திரும்பி வரவில்லை. அந்தக் கார்த்திகை அட்டையின் பின்பக்கம் "கரன்ட் இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் எல்லா மாதமும் நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை.

அட்டையிலிருந்து படத்துக்கு

இதுதான் கஷ்டமான கட்டம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு பள்ளத்தில் விழுவார்கள். ஒன்று, ஒரு தென்னை மரத்தை வரைந்துவிட்டு அதைக் கலைத்து, "இது அப்ஸ்ட்ராக்ட்" என்பது. இன்னொன்று, எதையும் நினைக்காமல் வண்ணத்தை ஊற்றி, தானாக வருவதை ஏற்றுக்கொள்வது. முதலாவது பாதி மறைத்த தென்னை மரம். யார் பார்த்தாலும் தென்னையைத்தான் தேடுவார்கள். இரண்டாவதில் ஒரு மாதம் சந்தோஷமாக இருக்கும், அப்புறம் எல்லாப் படமும் ஒன்றுபோல ஆகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் போக எனக்கு உதவியது அட்டையின் பின்னால் எழுதிய அந்த வினைச்சொல். ஒரு உதாரணம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை ரப்பர் இலை உதிரும். என் தை மாத அட்டை ஒன்றில் "உதிர்கிறது" என்று இருந்தது. முதலில் நான் செய்தது, ஆரஞ்சும் பழுப்புமாகப் புள்ளி புள்ளியாகத் தெளித்தது. கேவலமாக இருந்தது, சேலை டிசைன் மாதிரி. பிறகு கீரிப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் போய் நின்று யோசித்தேன்: இலை உதிரும்போது இங்கே நிஜமாக என்ன நடக்கிறது? பத்து மாதமாக இருட்டாகக் கிடந்த தரையில் வெயில் இறங்குகிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு உதிர்தலை வரைய நான் எதையும் தெளிக்கவில்லை. பலகை முழுக்க வெளிர் மஞ்சளைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இருட்டான பச்சையை மூடி, அது காய்வதற்குள் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தேன். அடியில் இருந்த வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வந்தது. இலை ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்த்த ரப்பர் வெட்டும் அக்கா ஒருவர், "இது தைமாசம்லா" என்றார்.

அதையே நீங்கள் செய்து பார்க்க வரிசையாகச் சொல்கிறேன். சிறிதாகத் தொடங்குங்கள், 12 அங்குலச் சதுரம் போதும். ஒரு அட்டையை எடுத்து அதிலுள்ள மூன்று நிறங்களையும் வெள்ளையையும் மட்டும் தட்டில் வையுங்கள், ஐந்தாவது நிறம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வினைச்சொல்லைக் கையால் எப்படிச் செய்வது என்று யோசியுங்கள்: அரிப்பது என்றால் ஈரத்துணியால் துடைத்து எடுப்பது, நிறைவது என்றால் கீழிருந்து மெல்லிய பூச்சுப் பூச்சாக ஏற்றிக்கொண்டே வருவது, சாய்வது என்றால் எல்லா இழுப்பும் ஒரே திசையில். முதல் பூச்சு அட்டையின் அளவுப்படி இருக்கட்டும். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். குறுக்கே ஒரு கோடு தெரிகிறதா? மேலே வானம், கீழே தரை என்று கண் தானாகப் பிரிக்கிறதா? அந்தக் கோட்டைக் கொல்லுங்கள். அந்தக் கோடு இருக்கிறவரை அது இயற்கைக் காட்சிதான், எவ்வளவு கலைத்தாலும். அப்புறம் சுவரைப் பார்க்கத் திருப்பி ஒரு வாரம் வைத்துவிட்டு, எட்டாம் நாள் பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பெரும்பாலும் எதையாவது எடுக்கத்தான் வேண்டியிருக்கும், சேர்க்க அல்ல.

பார்த்துக் கற்க விரும்பினால், ஆதிமூலத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1938இல் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர், காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து பெயர் பெற்றவர், பிறகு நிலத்தையே வெறும் வண்ணப் பரப்பாக்கிய அரூப ஓவியங்களுக்குப் போனார். கோடு நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் கோட்டை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அவரிடம் பார்க்கலாம். இந்திய அரூப ஓவியர் கைடோண்டே இன்னொரு பாடம். ரோலரும் கத்தியும் கொண்டு பூச்சின் மேல் பூச்சாக வேலை செய்தவர், வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே முடித்தார். மாதம் பத்துப் படம் வரைய வேண்டும் என்று பதறுகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்வேன்.

அறையும் வெளிச்சமும்

வடக்கு ஜன்னல் வேண்டும், நேர் வெயில் படாத சீரான வெளிச்சம் வரும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கேதான் நிற்கிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வந்து உட்காரும். முதல் வருடம் இது புரியாமல், சித்திரையில் கலந்த நிறம் ஏன் இப்படிக் கத்துகிறது என்று குழம்பினேன். ஜன்னலுக்கு மேல் நீளமாகச் சாய்ப்பு இறக்கினால் போதும். பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ்வாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஆடியில் உள்ளே இருட்டாகிவிடும், பகலிலேயே லைட் போட வேண்டும். லைட் வாங்கும்போது மஞ்சளும் வேண்டாம், நீலம் அடிக்கிற வெள்ளையும் வேண்டாம். பெட்டியில் 4000 அல்லது 5000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்கி, எப்போதும் அதையே போடுங்கள்.

தனி அறை இல்லையென்றால் சாய்ப்பு போதும். நான் இன்னும் சாய்ப்பில்தான் இருக்கிறேன், கோழிகளோடு.

சட்டம், துணி, வண்ணம், மணல்

சட்டத்துக்கு ரப்பர் மரம் விலை குறைவு, எங்கும் கிடைக்கும், அதனால் எல்லோரும் அதைத்தான் தருவார்கள். மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும், ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். நான் ஆசாரியிடம் அயினி மரத்தில் செய்யச் சொல்கிறேன். விலை கூடுதல், ஆனால் சிதல் (கரையான்) எளிதில் அண்டாது, வளையாது. பலகை நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு, ஆசாரி "காஞ்சாச்சு" என்று சொன்ன பிறகும் ஒரு மாதம் வீட்டில் வைத்திருங்கள். துணியை அடிக்கும் பின் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கடற்கரை ஊரில். சாதாரண பின் இரண்டு வருடத்தில் துருவை விட்டுத் துணியையே அறுத்துவிடும்.

வண்ணம். கடைசியாக அந்தக் கம்பெனி கேள்விக்கு வந்துவிட்டோம்! கம்பெனியைப் பார்க்காதீர்கள், டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமியின் எண்ணைப் பாருங்கள். அது போடாத டியூபை வாங்க வேண்டாம். தொடங்க ஐந்து போதும்: டைட்டானியம் வெள்ளை (பி.டபிள்யூ. 6), காவிச் சிவப்பு (பி.ஆர். 101), மஞ்சள் காவி (பி.ஒய். 42), அல்ட்ராமரின் நீலம் (பி.பி. 29), எரித்த அம்பர் (பி.பி.ஆர். 7). ஐந்துமே வெயிலில் வெளுக்காதவை. பச்சை டியூப் வாங்கவே வாங்காதீர்கள். வாழை, நெல், ரப்பர், தென்னை நாலும் நாலு பச்சை, நீலத்தையும் மஞ்சள் காவியையும் மாற்றி மாற்றிக் கலந்தால்தான் இந்த ஊரின் ஈரப் பச்சை வரும். டியூப் பச்சை பிளாஸ்டிக் செடி மாதிரி நிற்கும்.

மண்ணிலிருந்தே வண்ணம் எடுக்க ஆசை இருந்தால் நம்மூர்ச் செம்மண் அருமையானது. ஒரு வாளி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் இறங்க ஒரு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து, இரண்டு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் சேற்றை வெயிலில் காயவைத்து நுணுக்க வேண்டும். அக்ரிலிக் மீடியத்தில் (வண்ணப் பொடியைக் குழைக்கும் பசையில்) குழைத்தால் வண்ணம் தயார். செம்மண்ணின் சிவப்பு இரும்பிலிருந்து வருவது, நிறம் போகாது. பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள், காவிகள் எப்படி நிற்கின்றன என்று தெரியும். திருநந்திக்கரை குகையில் ஓவியம் பெரும்பாலும் அழிந்து சில கோடுகள்தான் மிச்சம், ஆனால் அந்தக் கோடுகள் நிற்கின்றனவே. மாறாக, செம்பருத்தி, மஞ்சள்தூள், பீட்ரூட் எல்லாம் ஆசைக்குச் செய்து பார்க்கலாம், படத்துக்கு ஆகாது. வெயில் பட்டால் மஞ்சள்தூள் சீக்கிரமே வெளுத்துவிடும்.

கடல் மணலைத் தொடாதீர்கள். இது விளையாட்டில்லை. மணவாளக்குறிச்சிக் கரையில் கருப்பும் சிவப்புமாகப் படிந்திருக்கும் மணலைப் பார்த்ததும் ஒவ்வொரு புது ஓவியருக்கும் அதை அள்ளிப் படத்தில் ஒட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இவற்றோடு கலந்து மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம், அது கதிரியக்கம் உள்ளது. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, உரசி, தூசியைச் சுவாசிக்க வேண்டாம். சொரசொரப்பு வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் பியூமிஸ் ஜெல்லை (நுணுக்கிய எரிமலைக் கல் கலந்த பசையை) வாங்குங்கள். மற்றபடி அந்தக் கரை ஏற்கெனவே உங்கள் படத்துக்கு வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது: டியூபில் வரும் டைட்டானியம் வெள்ளையை எடுப்பதே இந்த மாதிரிக் கருப்பு இல்மனைட்டிலிருந்துதான். எனக்கு இதைக் கேட்டதிலிருந்து வெள்ளையைப் பிதுக்கும்போதெல்லாம் கருப்பு ஞாபகம் வரும்.

எந்த மாதம் எதை

அக்ரிலிக் காய்வது தண்ணீர் ஆவியாவதால். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் ஆனி, ஆடியில் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும், தடிமனாகப் பூசினால் மங்கலாகிவிடும். எண்ணெய் வண்ணமோ காற்றோடு வினைபுரிந்து மெதுவாக இறுகுவது; ஈரச் சுவரும் மூடிய ஜன்னலுமாக இருக்கும் மாதத்தில் அது வாரக்கணக்கில் பிசுபிசுத்து, தூசியும் கொசுவும் ஒட்டி, பின்பக்கம் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் என் கணக்கு இது: தை, மாசி, பங்குனி எண்ணெய்க்கும் தடித்த பூச்சுக்கும். சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் தெளித்துக்கொண்டு வேகமாக வேலை செய்யப் பழகலாம். ஆனி, ஆடியில் தாளும் மையும் மட்டும். ஈரத்தாளில் மை பரவுவது அந்த மாதத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆவணியில் ஒரு இடைவெளி கிடைக்கும். தோவாளைச் சந்தையில் ஓணத்துக்குப் பூ குவிந்திருக்கும் அந்த வாரம் நான் வேலையே செய்வதில்லை, விடியற்காலையில் போய் நிறம் பார்த்துவிட்டு வருவேன். ஐப்பசி, கார்த்திகை சட்டம் அடிக்க, துணிக்கு ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சுப் பூச, கணக்கு எழுத.

முதல் ஆடியில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மழைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து, பதினொரு படங்களைப் பாலிதீனில் இறுக்கிச் சுற்றி மச்சில் ஏற்றிவைத்தேன். ஆவணியில் பிரித்தால் பின்பக்கமெல்லாம் மிளகு தூவியது போலக் கருப்புப் புள்ளி. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லை. இப்போது பருத்தித் துணி மட்டும் போர்த்துகிறேன், வெளிச்சுவரில் சாய்ப்பதில்லை, தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரக்கட்டை மேல் படத்துக்குப் படம் விரல் இடைவெளி விட்டு நிறுத்தி, மழை நாளில் ஒரு மணி நேரம் பேன் ஓட விடுகிறேன்.

காசு

படம் விற்று மட்டும் பிழைக்க முதல் ஐந்து வருடம் திட்டம் போடாதீர்கள். அச்சுதன் கூடலூர் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே வரைய வந்தவர், சென்னையின் முக்கியமான அரூப ஓவியராக ஆனார். நான் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதில் அரிசி வருகிறது, படத்தில் வருவது சட்டத்துக்கும் துணிக்கும் போகிறது.

விலையைச் சதுர அங்குலத்துக்கு வையுங்கள். 24க்கு 30 அங்குலம் என்றால் 720 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 10 ரூபாய் என்றால் 7,200, அதோடு சட்டச் செலவு. பிடித்த படத்துக்கு ஒரு விலை, பிடிக்காததற்கு ஒரு விலை என்று வைத்தால் வாங்குகிறவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். கேலரிகள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் வீட்டில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைத்துக் கெட்ட பெயர் வாங்காமல், முதலிலேயே அதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாகர்கோவிலில் வாங்குகிறவர்கள் குறைவு, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் படம் கேட்பவர்கள் அருவியும் அன்ன வாகனமும் கேட்பார்கள். வீடு கட்டும் இளம் ஆர்க்கிடெக்டுகளைப் பிடியுங்கள், அவர்களுக்குச் சுவர் உண்டு, உருவம் வேண்டாம். திருவனந்தபுரம் பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில். லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சி அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள், அதன் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. கொச்சியில் 2012இலிருந்து நடக்கும் பியனாலே என்கிற பெரிய ஓவியக் கலைக் கண்காட்சிக்கு ஒரு தடவையாவது போய்வாருங்கள், விற்க அல்ல, உங்கள் படத்தை எவ்வளவு பெரிய சுவரில் கற்பனை செய்யலாம் என்று பார்க்க.

அனுப்பும்போது: அக்ரிலிக் படத்தைச் சுருட்டினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், அகலமான பிவிசி குழாயின் மேல் சுற்ற வேண்டும், வண்ணத்தின் மேல் கேக் சுடும் பேப்பர் போட வேண்டும். பிளாஸ்டிக் நேராகப் பட்டால் சித்திரை வெயிலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கூரியரில் பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது என் மாசி வானம் முழுக்க வட்டம் வட்டமாக அம்மைத் தழும்பு. பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எண், தமிழ் மாதம், ஆண்டு, உங்கள் கையெழுத்து, அப்புறம் மேல் பக்கம் எது என்று காட்ட ஒரு அம்புக்குறி. அம்புக்குறி போட மறந்து கொடுத்த என் ஐப்பசிப் படம் ஒன்று திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டு ஹாலில் தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தேன். அப்படியும் மோசமில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.